மல்டிஃபோகல் லென்ஸா, படிக்கும் கண்ணாடியா? ஏற்காடு ரோடு சொன்ன பதில்

போன வருடம் ஆவணியில் வலது கண்ணிலும் அடுத்த மாதம் இடது கண்ணிலும் எனக்குப் புரை எடுத்தார்கள். ஆபரேஷனை விடத் தலைவலி, அதற்கு முன்னால் கையில் கொடுத்த விலைப்பட்டியல்தான், புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்களுக்கானது. மோனோஃபோகல் வைத்தால் தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் என்றால் பெரும்பாலும் கண்ணாடியே வேண்டாம், விலை பல மடங்கு. நான் முதலாவதை வைத்துக்கொண்டேன். அக்கா இரண்டு வருடத்துக்கு முன்பே மல்டிஃபோகலுக்குப் போனவள். ஆக, ஒப்பிட்டுப் பார்க்க நான் வெளியே போக வேண்டியதில்லை.

பணக் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மதுரை ஆரோலேப் 1992இல் இங்கேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகு மோனோஃபோகல் எளியவர்களுக்கும் கட்டுப்படியாகும் பொருளாகிவிட்டது. என் இன்சூரன்ஸும் அதற்குரிய தொகையைத்தான் தருவேன் என்றது. மிச்சத்தைக் கையிலிருந்து போட்டிருக்கலாம்தான். நான் பின்வாங்கியது அதற்காக இல்லை.

எனக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு வேலை, வீடு கீழே சேலம் அஸ்தம்பட்டியில். வாரத்தில் நான்கு நாளாவது இருட்டிய பிறகுதான் மலை இறங்குவேன். இருபது கொண்டை ஊசி வளைவு, கார்த்திகை பிறந்தால் பனிமூட்டம் வேறு. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரியில வண்டி ஓட்டுவீங்களா?" என்பதுதான்.

விஷயம் இதுதான். மல்டிஃபோகலில் பல வகைகளில் லென்ஸின் மேல் வட்ட வட்டமாக நுண்ணிய படிகள் இருக்கும். கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கு இவ்வளவு, கிட்டத்துக்கு இவ்வளவு என்று அவை பங்கு போடும். பகலில் பங்கு போட்டாலும் தாராளம். பனி இறங்கிய மலை ரோட்டில் வருகிற வெளிச்சமே கொஞ்சம். அதையும் பங்கு போட்டால், கறுப்புத் தாரின் ஓரத்தில் கறுப்புச் சட்டை போட்டு நடந்து வருகிறவர் எங்கே தெரிவார்? கூடவே எதிர் விளக்குகளைச் சுற்றி வளையம்.

"நிலாவுக்குக் கோட்டை கட்டின மாதிரிடா தம்பி, ஒவ்வொரு தெருவிளக்குக்கும்" என்றாள் அக்கா, ஆபரேஷன் முடிந்த புதிதில். நான்கைந்து மாதத்தில் அது கண்ணில் உறுத்துவது நின்றுவிட்டது என்கிறாள். மூளை பழகிக்கொள்ளும் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். சரி, ஒரு நாள் இரவு முன் ஸீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். எட்டாவது வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று முழு வெளிச்சத்தோடு இறங்கியது. "அப்பா!" என்று முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வண்டி ஓட்டுவதில்லை, மூடிக்கொள்ளலாம்.

ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் அவளுடைய கொலுசுப் பட்டறையில் போய்ப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். கொலுசைக் கையில் எடுத்து, முத்து முத்தாக நகர்த்தி, பற்ற வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கிறாள். தலையை நிமிர்த்தினால் எதிர்க்கடை போர்டையும் படிக்கிறாள். எனக்கோ மீனில் முள் எடுக்கவே கண்ணாடி வேண்டும். இந்த ஒரு வருடத்தில் மூன்று கண்ணாடி தொலைத்தாயிற்று.

கண்ணாடி ஒத்துவரவில்லை என்றால் வேறு வாங்கிக்கொள்ளலாம், தொலைத்தால் நூறு இருநூறோடு போகும். உள்ளே வைத்த லென்ஸ் ஒத்துவராவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான், அதுவும் முதல் தடவை போல லேசானதில்லை. என்னை மோனோஃபோகல் பக்கம் முழுக்கத் தள்ளியது இதுதான்.

நடுவில் ஈடாஃப் என்று ஒரு ரகம் உண்டு. தூரமும் கம்ப்யூட்டர் தூரமும் நன்றாகத் தெரியும், பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். வைத்துக்கொண்டவர் யாரும் எனக்குப் பழக்கமில்லை, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு எந்த லென்ஸ் என்பதை மலை ரோடு முடிவு செய்தது. உங்களுக்கு வேறு ஏதாவது முடிவு செய்யலாம்.

இப்போது அக்கா வீட்டு மாமாவுக்குப் புரை முற்றிவிட்டது. இருட்டினால் வண்டியைத் தொட மாட்டார், காலையிலிருந்து பேப்பரும் கையுமாகவே இருப்பார். "மாமா, நீங்க மல்டிஃபோகலே கேட்டுப் பாருங்க" என்று நானே சொன்னேன். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருபது வருடமாக. விழித்திரை கெட்டிருந்தால் மல்டிஃபோகல் வைக்க யோசிப்பார்கள். வெள்ளிக்கிழமை ஸ்கேன்.