ராம் நினைவகமா, கிராஃபிக்ஸ் கார்டா?

புகைப்படத் திருத்தத்துக்கென்று பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கணினி அசெம்பிள் செய்யும்போது, கையில் மிஞ்சும் பணத்தை ராமில் (வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) போடுவதா, கிராஃபிக்ஸ் கார்டில் (படக் கணக்குகளைச் செய்யும் தனி அட்டை) போடுவதா என்ற கேள்வி வந்தே தீரும். நான் ராம் பக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் திறந்தால், மூன்று நிறங்களுக்கும் சேர்த்துப் பிக்சலுக்கு 6 பைட் வீதம் ஒரே லேயர் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) சுமார் 270 எம்பி பிடிக்கிறது. பத்து லேயர் என்றால் 2.7 ஜிபி. செய்த மாற்றங்களின் பதிவு தனி. பின்னணியில் லைட்ரூம், பிரவுசர் வேறு. 16 ஜிபி ராம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப், ராமைவிட வேகம் குறைந்த சேமிப்பகமான எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கிறது. அது கண்ணுக்கே தெரியும்: முகத்தில் ஒரு பருவை மறைக்க பிரஷை இழுத்தால், கோடு கர்சருக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும். நுணுக்கமான வேலையில் இதைவிட எரிச்சல் வேறில்லை. 32 ஜிபி இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பெரிய பனோரமா இணைப்பவர்களுக்கு 64.

கிராஃபிக்ஸ் கார்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளிச்சம், நிறம் சரிசெய்ய ப்ராசஸரிலேயே உள்ள கிராஃபிக்ஸ் போதும். ஆனால் ஏஐ மூலம் நாய்ஸ் (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) நீக்குவது அப்படியல்ல. நல்ல கார்டில் சில வினாடிகளில் முடிவது, அது இல்லாத கணினியில் படத்துக்குப் பல நிமிடம் இழுக்கும். இரவு நிகழ்ச்சிகளை, நாய்ஸ் கூடும் உயர் ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) நூற்றுக்கணக்கில் எடுப்பவர் என்றால், தயங்காமல் கார்டையே முதலில் வாங்குங்கள்.

மற்றவர்கள் கார்டைப் பிறகு செருகிக்கொள்ளலாம். பவர் சப்ளையை மட்டும் அதற்கும் சேர்த்து இப்போதே தாராளமாக வாங்கி வைத்துவிடுங்கள்.