ஆய்வகத்துல மட்டும் செய்யற தனிமம் கோப்பர்நீசியம், அதுல எது மேல், கோப்பர்நீசியம்-277 ஆ, 285 ஆ? (அந்த எண் புரோட்டான், நியூட்ரான் ரெண்டையும் கூட்டினது.)

ரெண்டுமே ஒரே தனிமம்தான், ரெண்டுலயும் 112 புரோட்டான், ஆனா நியூட்ரான் மட்டும் 277ல 165, 285ல 173. அந்த எட்டு நியூட்ரான் பண்ற வேலைய பாருங்க, 277ஓட அரை ஆயுள் (அணுக்கள்ல பாதி சிதையற நேரம்) ஒரு மில்லிசெகண்ட் கூட கிடையாது, 285க்கு கிட்டத்தட்ட 30 செகண்ட்!

277ஐ 1996ல ஜெர்மனி டார்ம்ஸ்டாட்ல காரீயத்து மேல துத்தநாக அயனிய மோதவிட்டு நேரடியா செஞ்சாங்க. 285 வர்ற வழி வேற, ரஷ்யாவுல டுப்னால புளூட்டோனியம்-244 மேல கால்சியம்-48ஐ மோதி பிளெரோவியம்-289 பண்ணாங்க, அது ஒரு ஆல்ஃபா துகள (2 புரோட்டான், 2 நியூட்ரான்) வெளிய தள்ளினா மிச்சம் 285.

செஞ்சது 112ஆம் தனிமம்தான்னு காட்ற ஆதாரம்னு பாத்தா 277 தான் கெத்து. அது வரிசையா ஆல்ஃபா விட்டு விட்டு கடைசில நோபீலியம்-257, ஃபெர்மியம்-253னு நமக்கு ஏற்கனவே நல்லா தெரிஞ்ச அணுக்கருல போய் நிக்குது, அதனால அங்கிருந்து பின்னாடி எண்ணிட்டே வந்தா ஆரம்பம் 112னு உறுதியா சொல்லிடலாம். 285ஓட சங்கிலி டார்ம்ஸ்டாட்டியம்-281 வந்ததுமே பெரும்பாலும் அணுக்கரு ரெண்டா பிளந்து முடிஞ்சிரும், அப்படி தெரிஞ்ச அணுக்கரு வரைக்கும் போகாது.

ஆனா கெமிஸ்ட்ரி பாக்கணும்னா 277 சுத்தமா உதவாது, வாயுல மிதந்து டிடெக்டர் வரைக்கும் போறதுக்குள்ள காலி. தங்கப் பரப்புல பாதரசம் மாதிரி ஒட்டுதான்னு பாத்த சோதனைக்கே சில செகண்ட் நிக்கிற கோப்பர்நீசியம்-283ஐ தான் எடுத்தாங்க, 285 அதவிட நிதானம். என் ஓட்டு 285க்கு தான்.