அளற்றுக்குடி: உப்புக் கடனும் கயிறு பிடிப்பதும்

மேல்படத்தை நம்பியிருந்தால் இந்த அளற்றுக்குடி விளையாட்டுப் பெட்டியை வாங்கியிருக்கவே மாட்டேன். பச்சை உடம்பு, கழுத்தில் எலும்பு மாலை, சிவந்த கண், மண்டையோடு செருகிய ஈட்டி. பழைய சினிமாவில் கதாநாயகியைக் கட்டிவைத்துச் சுற்றி ஆடும் கும்பலை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். உள்ளே கையேட்டை எழுதியவரும் இந்தப் படத்தைப் போட்டவரும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் உள்ளே இருக்கும் அளற்றுக்குடி மக்கள் படு கணக்கானவர்கள். கடன் வாங்குகிறார்கள், பிணை நிற்கிறார்கள், செத்தவன் பாக்கியை யார் கட்டுவது என்று சண்டை போடுகிறார்கள். காரைக்குடியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவள் நான். எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

விலை 1,450 ரூபாய். புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். மூன்று கையேடுகள், ஒரு வரைபடம், ஒரு கட்டு அட்டை, இரண்டு பகடை, உப்பு மூட்டை என்று சொல்லிக் கொஞ்சம் பிளாஸ்டிக் வில்லை. ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை போட்டு, கதையை நகர்த்த வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் கிளம்பிய விளையாட்டு வகை இது. கற்பனையான ஒரு சதுப்புநிலத்தில் வாழும் கற்பனைக் குடியின் நம்பிக்கைகளும் சடங்குகளும்தான் இங்கே விதிகள். சடங்கை மீறினால் ஆட்டத்தில் அடி விழும்.

செட்டிநாட்டில் சதுப்புக்கு எங்கே போவது? ஊருணி உண்டு, கண்மாய் உண்டு. கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது ஊத்தாவை (மீன் பிடிக்கும் கூடை) தூக்கிக்கொண்டு இறங்கி முழங்கால் வரை மாட்டிக்கொண்ட அனுபவம் என் அக்கா மகனுக்கு உண்டு. எங்கள் மேசையில் இருந்த ஒரே சதுப்பு நிபுணர் அவன்தான். அவனுக்கு முதல் கையேடு உடனே பிடித்துப்போனது.

எனக்கும்தான். முதல் கையேட்டில் வரும் ஒவ்வொரு வழக்கமும் அந்தச் சேற்றிலிருந்தே முளைத்திருக்கிறது. குழந்தை நிற்கத் தொடங்கியதும் அதன் உயரத்துக்கு ஒரு கோல் வெட்டிக் கையில் கொடுக்கிறார்கள். கோலால் குத்திப் பார்க்காத இடத்தில் கால் வைக்கக் கூடாது. பிள்ளை வளர வளரக் கோல் மாறும். பழைய கோல்களை வீட்டைச் சுற்றி வேலியாக நடுவார்கள். அந்த வேலியைப் பார்த்தாலே அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் வளர்ந்தன, எது எந்த உயரத்தோடு நின்றுபோனது என்று தெரிந்துவிடும். விருந்தாளி வந்தால் கோலை வாசலில் நட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இன்னொருவர் கோலைத் தொடுவது கொலை முயற்சிக்குச் சமம்.

வீடுகள் நாணல் கட்டுகளை அடுக்கிய மேடைகள். அடியில் இருப்பது அழுக, மேலே புது அடுக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது ஆசிரியர் கற்பனை இல்லை. பெருவிலும் பொலிவியாவிலும் பரவிக் கிடக்கும் டிட்டிகாக்கா ஏரியில் ஊரோஸ் மக்கள் டொட்டோரா கோரையை வைத்து இப்படித்தான் மிதக்கும் தீவுகளைப் பராமரிக்கிறார்கள். கற்பனை எங்கே வருகிறது என்றால், கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு அடுக்கு போட வேண்டும். இரண்டு வீட்டாரும் மேலே ஏறி நின்று குதித்துப் பார்ப்பார்கள். கால் நனைந்தால் கல்யாணம் அடுத்த வருஷம்.

அப்புறம் தவளை. 'தவளை நின்றது' என்று ஓர் அட்டை இருக்கிறது. ஏதாவது பெரிய பிராணி வந்தால் தவளைகள் சட்டென்று கத்துவதை நிறுத்தும். அந்த நேரத்தில் யார் வாய் திறந்தாலும், இருட்டில் வந்திருப்பது அவர்களைத்தான் முதலில் பார்க்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அட்டை விழுந்ததும் மேசையில் எல்லோரும் வாயை மூட வேண்டும். கதைசொல்லி விடுவிக்கும் வரை சைகைதான். என் மகன் அந்த அட்டையைப் போட்டான். எல்லோரும் கப்சிப். அடுக்களையில் குக்கர் விசில். நான் பழக்கத்தில் "டேய், அடுப்பை அணைடா" என்றேன். ஆசாமி காலி. அரை மணி நேரம் வளர்த்த என் பாத்திரத்தை முதலை கொண்டுபோய்விட்டது.

இரவில் சேற்றுக்கு மேல் தெரியும் வெளிச்சம், கடன் தீர்க்காமல் செத்தவர்களின் கண் என்கிறது கையேடு. எதிர்வீட்டு ஆச்சி அதைக் கேட்டதும், "கொள்ளிவாய்ப் பிசாசுதானே, இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பக்கம்?" என்று கேட்டார். சதுப்பில் மக்கும் செடிகொடிகளிலிருந்து மீத்தேன் கிளம்பும். அதுதான் எரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தானாக எப்படிப் பற்றுகிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆச்சிக்கு அந்தக் குழப்பம் எதுவும் கிடையாது.

இந்த ஆச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வீட்டு முகப்புத் தூண் ஒவ்வொன்றும் பர்மா தேக்கு. அவருடைய ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடைசியில் கடையை நடத்தும் மேலாளாகவே இருந்தாராம். பெட்டியில் 'உப்பு வியாபாரி' என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. வெளியூரிலிருந்து படகில் உப்புக் கொண்டுவந்து கடன் கொடுப்பவர். சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஆச்சியிடம் அதைக் கொடுத்தோம். அன்றைக்குத்தான் இந்த விளையாட்டின் உண்மையான தரம் தெரிந்தது.

அளற்றுக்குடியில் உப்பு கிடையாது. மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டும். கருவாடு இல்லாவிட்டால் மழைக்காலம் தாண்ட முடியாது. அதனால் எல்லோரும் கடனாளிகள். ஆச்சி கொடுப்பதற்கு முன்னால் முதல் கேள்வியே, "அந்தக் கோலை அடகு வாங்கலாமா?" என்பதுதான். விதிப்படி முடியாது, தொட்டாலே கொலை. "அப்ப எதை வச்சுக் குடுக்குறது? வீடு அழுகுது, மண்ணு உள்ளே போகுது." கையேட்டைப் புரட்டினோம். அடகு பற்றி ஒரு வரி இல்லை. ஒரு சமூகத்தையே கடனில் நிறுத்திவிட்டு ஈட்டுப் பொருள் என்ன என்று யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள். என் தொழிலில் இதைச் செய்தால் மெமோ வரும். கடைசியில் ஆச்சியே ஒரு வழி சொன்னார்: அடுத்த வருஷம் போடப்போகும் நாணல் அடுக்கு ஈடு, கட்டாவிட்டால் அந்த அடுக்கை வியாபாரியின் கிட்டங்கி (சரக்கு வைக்கும் இடம்) மேடைக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். இன்றுவரை எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

இரண்டாவது கையேடு சாவைப் பற்றியது. இந்தப் பெட்டியின் உச்சம் இதுதான். புதைக்க மண் இல்லை, எரிக்கக் காய்ந்த விறகு இல்லை. அதனால் பிணத்தைக் கல் கட்டிக் கறுப்பு நீர்க் குட்டையில் இறக்குகிறார்கள். அந்தத் தண்ணீரில் உடம்பு கெடுவதில்லை. ஆகவே செத்தவர் போகவில்லை, கீழே படுத்திருக்கிறார், அவ்வளவுதான். படுத்திருப்பவருக்குக் கடன் மட்டும் எப்படித் தீரும்? இறக்கும்போது கயிற்றின் நுனியை யார் பிடிக்கிறாரோ அவருக்குச் செத்தவரின் மேடையும் போகும், உப்புப் பாக்கியும் போகும். யாரும் பிடிக்காவிட்டால் பாக்கி ஊர் முழுக்கப் பிரியும்.

என் அக்கா மகனின் பாத்திரம் பதினாலு மூட்டை பாக்கியோடு செத்தது. மேடை பாதி அழுகியது. கயிறு மேசை நடுவில் கிடக்கிறது (நிஜமாகவே ஒரு சணல் துண்டை வைத்திருந்தோம்). ஒருவரும் கையை நீட்டவில்லை. என் மகன் கூரையைப் பார்க்கிறான். அவன் சிநேகிதி, செத்தவனுக்கு அண்ணியாக ஆடிக்கொண்டிருந்தவள், அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போகிறாள். ஆச்சி மட்டும் நிதானமாக, "யாராச்சும் புடிங்கப்பா. மழைக்கு முன்னாடி நான் படகேறணும்" என்றார். கவுண்டரில் இந்த முகங்களை நான் தினம் பார்க்கிறேன். அப்பா வைத்த நகையைப் பற்றிப் பேச வருவார்கள், நாலு அண்ணன் தம்பியும் வாசலோடு நிற்பார்கள். நம் சட்டப்படி வாரிசுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் கடன் பொறுப்பு. அப்பன் கடனை அடைப்பது மகனின் தர்மக் கடமை என்று இந்துச் சட்டத்தில் இருந்ததையும், புதிதாக வாங்கும் கடன்களைப் பொறுத்தவரை 2005 திருத்தம் எடுத்துவிட்டது. அளற்றுக்குடியில் அந்தத் திருத்தம் வரவில்லை.

உடம்பு கெடாத சங்கதிக்கு நிஜ ஆதாரம் உண்டு. டென்மார்க்கில் 1950-ல் அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை (பீட்) வெட்டப் போனவர்கள் சதுப்பில் ஒரு ஆளைக் கண்டு, புதுக் கொலை என்று போலீஸுக்குச் சொன்னார்கள். டொல்லுண்ட் மனிதன் என்று பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய உடம்பு. முகத்தில் முள்தாடி அப்படியே இருந்தது. காற்றுப் புகாத, புளித்த நீரும் குளிரும் சேர்ந்து செய்த வேலை. கழுத்தில் தோல் கயிறும் இருந்தது. தூக்கிலிடப்பட்டவர், பலி கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கு இதில் ஒரு முறையீடு இருக்கிறது. இப்படித் தோலும் முகமுமாகக் கிடைத்தவை பெரும்பாலும் வட ஐரோப்பாவின் குளிர்ச் சதுப்புகளில்தான். இவர்கள் வரைபடத்திலோ முதலை இருக்கிறது, தாமரை இருக்கிறது, ஓரத்தில் பிச்சாவரத்தில் பார்க்கிற மாதிரி மூச்சுவேர் விட்ட கண்டல் (மாங்குரோவ்) காடும் இருக்கிறது. கண்டல் காடு உப்பு கலந்த தண்ணீரில் வளர்வது. உப்பே கிடைக்காத ஊர் என்று சொல்லிவிட்டு வரைபடத்தில் உவர்நீர்க் காட்டை வரைந்தால் எப்படி? கற்பனைதான், சரி. கற்பனைக்கும் கணக்கு வேண்டும்.

மூன்றாவது கையேட்டில் இரண்டு கதைகள். ஒன்று குப்பை, ஒன்று வைரம். குப்பை: சேற்றுத் தாய்க்கு ஒரு கடனாளியைப் பலி கொடுப்பது, கண் சிவந்த மந்திரவாதி, உடுக்கைச் சத்தம். மேல்படம் போட்டவர் படித்தது இந்த எட்டுப் பக்கத்தை மட்டும்தான் போலிருக்கிறது. ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கடங்காரனை எவனாவது வெட்டுவானா ஆத்தா? பாக்கிய யாரு தர்றது?" உண்மைதானே. பலியாகிறவனின் கயிற்றை யார் பிடிப்பது என்று கையேடும் சொல்லவில்லை. தன் விதியையே மறந்துவிட்டார் ஆசிரியர்.

வைரம், 'வரப்பு' என்ற கதை. வியாபாரி இந்த முறை உப்பு கொண்டுவரவில்லை. சதுப்பை வடித்து வயலாக்கப் பணம் தருகிறேன் என்கிறார். வடித்தால் கீழே படுத்திருப்பவர்கள் வெளியே வருவார்கள். வடிக்காவிட்டால் அடுத்த ஊர்க்காரன் வடித்துவிடுவான். தெற்கு ஈராக்கின் சதுப்பு அரபுகளுக்கு 1990-களில் சதாம் உசேன் அரசு செய்தது ஒருவகை வடிப்பு: கலகத்துக்குத் தண்டனையாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டு ஊரையே காலி செய்தது. இது அப்படியில்லை, விரும்பிக் கையெழுத்துப் போடும் வடிப்பு.

இந்தக் கதையை ஆடும்போது ஆச்சி கொஞ்ச நேரம் பாத்திரத்தை விட்டு இறங்கி பர்மாவைப் பற்றிப் பேசினார். 1852-க்குப் பிறகு கீழ் பர்மா வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. ஐராவதி டெல்டாவின் சேறும் காடும் நெல் வயலானது. திருத்தியவர்கள் பர்மிய விவசாயிகள், பெரும்பகுதிப் பணம் செட்டிநாட்டுப் பணம். 1930-களில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனபோது கீழ் பர்மா நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் பெயருக்கு வந்தது. நிலம் வேண்டி யாரும் கடன் கொடுக்கவில்லை என்பார் ஆச்சி. வட்டிதான் வேண்டும், நிலம் வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தார்கள். "இந்தப் புள்ளைக வெளாடுறதுதான் எங்க ஐயா செஞ்சது" என்றவர், அடுத்த நிமிஷமே வியாபாரியாகி, வடிக்க என் மகன் கேட்ட தொகையில் மகமைக்கு (தர்மக் காரியத்துக்கு) என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டினார். அப்படி ஒரு விதியே கையேட்டில் கிடையாது.

பொருளின் தரம் சுமார். அட்டைகள் ஐப்பசி மழையில் வடகம் மாதிரி சுருண்டுவிட்டன. வரைபடம் மடிப்பில் வெளுக்கிறது. இரண்டு அட்டை குறைந்தது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பிளாஸ்டிக் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்லாங்குழிச் சோழியை வைத்துக்கொண்டோம். பகடையும் லேசு, ஆச்சி வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைக்கு மாறிவிட்டோம். கையேட்டின்படி இரண்டு பகடையில் பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் கால் சேற்றில் புதையும், அதாவது 36-ல் 6. தாயக்கட்டையில் தாயமோ பன்னிரண்டோ விழுந்தால் புதையும் என்று வைத்தால் 16-ல் 3. கிட்டத்தட்ட அதே ஆபத்துதான், சத்தம் மட்டும் நன்றாக இருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். 1,450 அதிகம், 900-க்குக் கிடைத்தால் யோசிக்காதீர்கள். நாலு பேருக்குக் குறைந்து ஆடாதீர்கள், கயிறு பிடிக்காமல் நழுவ ஆள் வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டாம் கையேடு வேண்டாம். உப்பு வியாபாரி பாத்திரத்தைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். செத்தவன் முகத்தைப் பார்த்து இளகி அசலையே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள், ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகிறது.