8×42 பைனாகுலர்: எருக்கஞ்செடிக்குச் சரி, உள்ளானுக்கு?

மண்டபத்துல ஆட்டோ ஓட்டுறேன். குளிர் மாசத்துல பறவை பாக்க வர்றவங்கள தனுஷ்கோடிக்கு ஏத்திட்டுப் போவேன். எத்தன நாளைக்குத்தான் அவங்க கண்ணாடியவே ஓசி கேக்குறது? ஆன்லைன்ல 4,800 ரூபாய்க்கு இந்த 8×42 பைனாகுலர (எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வாங்கிட்டேன். ரெண்டு சீசன் ஆச்சு.

கிட்டத்துல பாக்குறதுக்கு அடிச்சுக்க ஆளில்ல. ரெண்டு மீட்டர்ல ஃபோகஸ் ஆவுது. ரோட்டோர எருக்குல வெந்தய வரியன்ங்கிற பட்டாம்பூச்சியோட புழு இலைய அரிக்கிறத வண்டியில இருந்தே பாத்தேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை, உடம்புல மூணு சோடிக் கொம்பு. அமெரிக்காவுல வலசை போற மோனார்க் பட்டாம்பூச்சி இதுக்குப் பங்காளியாம். அதுவும் பால் வடியிற செடியிலதான் முட்டை விடும், குளிருக்கு மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போயிடும். 2022ல அத அழியுற ஆபத்துல இருக்குறதா உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் (IUCN) பட்டியல்ல போட்டு, 2023ல ஒரு படி இறக்குனாங்கன்னு சவாரிக்கு வந்த சார் சொன்னார்.

அதே சார்தான் கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணி வத்தின சேத்துல, "அண்ணே, கிரேட் நாட் நிக்குது"ன்னார். சேத்துல மேயுற சின்னப் பறவை எல்லாமே நமக்கு உள்ளான்தான். என் கண்ணாடியில சாம்பல் உருண்டையாத் தெரிஞ்சுச்சு. மணி பத்தத் தாண்டிருச்சு, கானல்ல அந்த உருண்டையும் நெளியுது. அவரு ஸ்டாண்டு போட்ட ஸ்கோப்புல (ஒத்தக் கண்ணால பாக்குற பெரிய தொலைநோக்கி) பாத்தாத்தான் நெஞ்சுல புள்ளியும், தலைய விடக் கொஞ்சம் நீளமான அலகும். சைபீரியாவுல குஞ்சு பொரிக்கிற பறவை. அந்த இனம் வலசையில எறங்கிச் சிப்பி தின்னு தேறுற மஞ்சள் கடல் (சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவுல இருக்குறது) கரைச் சேத்த ஏகத்துக்கும் மண்ணு கொட்டித் தூத்துட்டாங்களாம். தென்கொரியாவுல சேமாங்கும்ங்கிற எடத்துல மட்டும் கடல மறிச்சு 33 கிலோமீட்டர் சுவர், 2006ல அடைச்சது. "பூச்சிக்கு வீட்டுல செடி வைக்கலாம்ணே, இதுக்குச் சேத்த எந்தத் தொட்டியில வைக்கிறது?"ன்னு கேட்டார். எனக்கு வாய் வரல.

குறையும் உண்டு. கண்ணு வைக்கிற ரப்பர் ஆறே மாசத்துல கழண்டுருச்சு. வித்தவங்ககிட்ட கேட்டா, உப்புக்காத்துக்கு வாரண்டி இல்லையாம். கடலோர விலாசத்துக்கு அனுப்பும்போது தெரியலையா? இப்ப சைக்கிள் டியூப வெட்டிப் போட்டிருக்கேன். மணல ஊதிட்டுத் துடைங்க, வேட்டி நுனியில அப்படியே தேச்சா கண்ணாடியில கோடு விழும்.

பூச்சிக்கு நாலு ஸ்டார், உள்ளானுக்கு ரெண்டு. ஸ்கோப்புக்காக மாசம் 1,500 ரூபாய் சீட்டு கட்டிட்டு இருக்கேன்.