மூன்றரை வருடம், மூன்று வளையம், ஏழு சீர்

இடுப்பைக் குறைக்கலாம் என்றுதான் ஹூலா ஹூப், அதாவது இடுப்பில் சுற்றும் வளையம், வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வெண்பா வரும், தியானம் வரும், கொஞ்சம் அழுகையும் வரும். ஞானம் தேடிப் புறப்பட்ட ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழைய சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை, அவ்வளவுதான் காரணம்.

இப்போது மூன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாளாவது சுற்றுகிறேன், பெரும்பாலும் காலையில், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால். வீட்டில் இருந்தபடியே பிழைதிருத்தும் வேலை. எப்போது எழுந்தாய், எப்போது உட்கார்ந்தாய் என்று கேட்க ஆளில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டால் இடம் போதும். அறையில் நானும் வளையமும் ஒரு கிழட்டு நாயும்.

முதல் வளையம் கழற்றி மாட்டுகிற வகை, எட்டுத் துண்டு. இரண்டாவது வாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு கழன்று பறந்துபோய்ப் புத்தக அலமாரியில் மோதியது. விற்றவரைக் கேட்டால், இறுக்கமாக மாட்டவில்லை நீங்கள் என்றார். சரி, போகட்டும். அதில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது: அது சிறுவர் அளவு. பெரியவர்கள் பழகும் வளையத்தை நிமிர்த்தித் தரையில் நிறுத்தினால் அதன் மேல்விளிம்பு தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவில் எங்காவது வர வேண்டும். சின்ன வளையம் வேகமாகச் சுற்றும். அந்த வேகத்துக்கு நாமும் ஈடுகொடுத்துத் தள்ள வேண்டும். பெரியது சாவகாசமாக வரும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தச் சாவகாசம்தான் உயிர். எனக்கு வராது, என் உடம்பு அப்படி என்று கைவிட்டவர்களில் பாதிப்பேர் சின்ன வளையத்தோடு மல்லுக்கட்டியவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இரண்டாவது, இன்றைக்கும் நான் சுற்றுவது. பாலிஎதிலீன் குழாயை வளைத்து இணைத்தது, விட்டம் 100 சென்டிமீட்டர், எடை 700 கிராம் சொச்சம். உள்பக்கம் துணிநாடா ஒட்டியிருக்கிறது, பிடிமானத்துக்காக. மூன்றாவது 1.5 கிலோ எடையுள்ளது, உள்ளே குமிழ் குமிழாக வைத்தது. நான்கே நாளில் விலாவில் நீலம் நீலமாகக் கன்றிப்போய், அதை மாட்டி வைத்தேன். இப்போது அதில் ஒரு கொடி படர்கிறது. நடுவில் தோழி ஒருத்தி, இடுப்பில் வார்போல் பூட்டிக்கொண்டு ஒரு குண்டை மட்டும் சுழற்றும் நவீன வகையை ஒரு வாரம் இரவல் தந்தாள். கடகடவென்று சத்தம். உடற்பயிற்சிக்கு அது போதுமாக இருக்கலாம். ஆனால் அது கீழே விழவே விழாது. விழாத வளையத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சுற்றும் வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பார்ப்பவர்களுக்கு இடுப்பை வட்டமாகச் சுழற்றுவதுபோலத் தெரியும். அப்படிச் சுழற்றினால் மூன்றாவது சுற்றில் வளையம் முழங்காலில் இருக்கும். ஒரு காலை லேசாக முன்வைத்து, முன்னும் பின்னுமாக எடையை மாற்ற வேண்டும். வளையத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளல். எனக்கு இது பிடிபடப் பதினோரு நாள் ஆனது. பதினோராவது நாள் நாற்பது சுற்று நின்றதும் கத்திவிட்டேன், கத்தியதில் விழுந்துவிட்டது.

உடம்பின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் சின்னச் சின்ன உருவங்களை அச்சிட்டு, அவற்றை ஆட வைத்து, வளையம் எதில் நிற்கிறது என்று சோதித்தார்கள். 2025இல் அந்தக் கட்டுரை வந்தது. உருளையில் வளையம் கீழே இறங்கிவிடுகிறது. கூம்பிலும் ஓரிடத்தில் தங்குவதில்லை. உடுக்கை வடிவத்தில் மட்டும் நிலைத்து நிற்கிறது. மேலே ஏந்திப் பிடிக்க இடுப்பெலும்புப் பக்கத்துச் சரிவு வேண்டும், நழுவாமல் ஓரிடத்தில் நிற்க இடையின் வளைவு வேண்டும். உடுக்கை இடை என்று சும்மாவா பாடி வைத்தார்கள்! நான் உருளைக் கட்சி. உருளைக் கட்சிக்காரர்களுக்கும் வரும், கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும், அவ்வளவே.

சட்டைப் பொத்தான் விஷயத்தையும் முடித்துவிடலாம். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் உடல் எடை கூடிய 53 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2019இல் வெளியானது. ஆறு வாரம், 1.5 கிலோ வளையம், நாளுக்குச் சுமார் 13 நிமிடம். இடுப்புச் சுற்றளவு சராசரியாக 3 சென்டிமீட்டர் குறைந்தது. உடல் எடை பெரிதாகக் குறையவில்லை. என் கணக்கும் ஏறக்குறைய அதுதான். முதல் மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர், அதற்குப் பிறகு அசையவே இல்லை. பொத்தான் போட முடிகிறது. எடை எந்திரத்தில் முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்புறம்தான் கவிதை உள்ளே வந்தது, அதுவும் தற்செயலாக. எண்ணிக்கொண்டே சுற்றுவது சலித்துப்போய், முந்தின இரவு எழுதிய ஒரு குறள் வெண்பாவை (திருக்குறள் வடிவில் இரண்டு அடி) வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினேன். என் வளையம் நிமிடத்துக்கு 95 சுற்று வாக்கில் வரும். ஒரு சுற்றுக்கு ஒரு சீர், அதாவது அடியின் ஒரு துண்டு, என்று தானாகவே அமைந்துவிட்டது. முதல் வரியின் மூன்றாம் சீரில் வளையம் தடுமாறியது. மறுபடி சொன்னேன், மறுபடியும் அதே இடம். வரி இதுதான்:

விழுந்த வளையத்தை எடுக்கக் குனிந்தேன்

யாப்பு படித்தவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். ‘வளையத்தை’ காய்ச்சீர் (நேரசையில் முடியும் மூன்றசைச் சீர்), அதற்குப் பின் நேரசை, அதாவது குறிலோ நெடிலோ தனித்து நிற்கும் அசை, வர வேண்டும். ‘எடுக்கக்’ நிரையில், அதாவது குறிலோடு இன்னோர் எழுத்து இணைந்த அசையில், தொடங்குகிறது. தளை, அதாவது சீரும் சீரும் சேரும் கட்டு, தட்டிவிட்டது. இரவு பேனாவும் கையுமாக மூன்று முறை படித்தும் என் கண்ணுக்குப் படவில்லை. பிழைதிருத்துவதே தொழில் என்று வெளியில் சொல்லிக்கொள்கிற ஆள் நான். மாயமெல்லாம் ஒன்றுமில்லை. நாக்கு தடுக்கியதும் மூச்சு ஒரு கணம் பிடித்துக்கொள்கிறது, வயிறு இறுகுகிறது, தள்ளல் பிந்துகிறது, வளையம் ஒரு பக்கம் சாய்கிறது. காதைவிட இடுப்பு கறாரான ஆசிரியர். அந்த ‘ஐ’யை எடுத்தேன். இரண்டாம் வேற்றுமை உருபு போனதில் யாருக்கும் நட்டமில்லை.

விழுந்த வளையம் எடுக்கக் குனிந்தேன்
தொழுததாய் எண்ணிற்று நாய்

முழுதாகச் சுற்றிச் சொன்னேன். நழுவவில்லை.

இதற்குப் பிறகு ஒரு பழக்கமே ஆகிவிட்டது. எழுதுவது மேசையில், திருத்துவது வளையத்தில். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: சுற்றும்போது எனக்குக் கவிதை பிறந்ததே இல்லை. உடம்பு அசைந்தால் சொற்கள் ஊற்றெடுக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள், அவர்களுக்கு ஊற்றெடுக்கலாம். என் வளையம் எதையும் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறது. ‘மிக’, ‘அந்த’, ‘போன்ற’ எல்லாம் போயின. நான்கு வரியில் எழுதியதில் இரண்டு வரி தேவையில்லை என்பது சுற்றும்போதுதான் உறைக்கிறது, ஏனென்றால் அந்த இரண்டு வரியைச் சொல்லும்போது எனக்கே அலுப்பாக இருக்கிறது. புதுக்கவிதைக்கும் இது ஓரளவு உதவும், ஆனால் கட்டு தளர்ந்த வரியில் தவறு எங்கே என்று வளையம் அவ்வளவு துல்லியமாகக் காட்டாது. வெண்பாவுக்குத்தான் முழுப் பலன். மூன்றரை வருடத்தில் தேறியவை 61. எழுதியவை அதைப்போல் ஐந்து மடங்கு இருக்கும்.

ஆன்மிகம் என்ற சொல்லை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கனமான வளையத்தோடு வந்த தாளில் உடம்பிலுள்ள யோகச் சக்கரங்கள் திறக்கும் என்று போட்டிருந்தது. எனக்கு விலாதான் கன்றியது. வட்டம், முழுமை, பிரபஞ்சம் என்று பேசுவது எளிது. அந்தப் பேச்சுக்கு உரிமையுள்ளவர்கள் உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிகளின் வளைய நடனத்தில் ஒரே ஆள் பல வளையங்களைக் கோத்துக் கழுகாகவும் பட்டாம்பூச்சியாகவும் மாறுவார். அவர்களுக்கு அது கதையும் வழிபாடும் மருந்தும். மெவ்லவி சூஃபிகளின் சமா சடங்கில் வலது உள்ளங்கை வானம் பார்க்க, இடது உள்ளங்கை மண் பார்க்க, இடதுகாலை அச்சாக வைத்துச் சுழல்கிறார்கள். நான் சுற்றுவதோ 1958இல் அமெரிக்காவில் வாம்-ஓ நிறுவனத்தின் ரிச்சர்ட் நெர்ரும் ஆர்தர் மெலினும் பிளாஸ்டிக்கில் வார்த்துச் சந்தைக்கு விட்ட பொம்மையின் வாரிசு. ஆஸ்திரேலியப் பிள்ளைகள் மூங்கில் வளையம் சுற்றிய செய்தி காதில் விழுந்து செய்தார்கள். நான்கே மாதத்தில் இரண்டரைக் கோடி விற்றதாகச் சொல்வார்கள். பெயரில் இருக்கும் ஹூலா ஹவாய் நடனம். இடுப்பாட்டத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பெயர்.

பொம்மைதான். ஆனாலும் சூஃபிகளைப் பற்றிப் படித்தபோது ஒன்று தோன்றியது. அங்கே ஆள் சுழல்கிறார், உலகம் நிற்கிறது. இங்கே நான் நின்ற இடத்தில் நிற்கிறேன்; என்னைச் சுற்றி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நான் தள்ளும்வரை ஓடும். தள்ளுவதை நிறுத்தினாலும் உடனே விழாது, இரண்டு மூன்று சுற்று மிச்சமிருக்கும். அந்த இரண்டு மூன்று சுற்றை வேண்டுமென்றே கவனிக்க ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் உண்டு. குறள் வெண்பாவில் முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. திரும்பத் திரும்பச் சொல்லும்போது வளையம் எட்டு எட்டாகவே எண்ணுகிறது. ஆகவே எட்டாவது சுற்றில் சொல் இல்லை. வளையம் மட்டும் முதுகைத் தொட்டு வயிற்றுக்கு வரும். முக்கால் விநாடிகூட இருக்காது. பத்து வருடம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தும் எனக்கு வாய்க்காத ஒன்று அந்த இடத்தில் இருந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்பா இறந்த பிறகு மூன்று வாரம் ஒரு வரியும் எழுதவில்லை. வருகிறவர்களுக்கு எல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து வெறுமனே சுற்றினேன். எண்ணவில்லை, சொல்லவில்லை. நடுவில் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியாது. அழும்போது மூச்சு தாறுமாறாகத்தான் போகும். கணக்குப்படி வளையம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இடுப்பு அதன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து நானாகவே நிறுத்தி வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறைகள். ஒன்றரை வருடம் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனது. இரண்டு திசையும் பழகுங்கள், முதல் நாளிலிருந்தே. மறுதிசை பழகும்போது மறுபடி பச்சைக் குழந்தை ஆகிவிடுவோம், அதற்குத் தயாராக இருங்கள். வழவழப்பான செயற்கை இழைத் துணியில் வளையம் வழுக்கும், பருத்தியில் நிற்கும். வெயிலில் சாய்த்து வைத்தால் குழாய் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். ஆணியில் மாட்டாமல் தரையில் படுக்க வையுங்கள். துணிநாடா எட்டு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை, ஓரம் பிரிந்து சட்டையில் பசை ஒட்டும். கீழ்வீட்டுக்காரர் இருந்தால் ஒரு பாய் விரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இடுப்பு, முதுகு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கையில் வைத்து, வளையம் காற்றில் நிற்பதுபோல் காட்டும் ஐசொலேஷன் வித்தை எனக்கு வந்துவிட்டது. முழங்காலில் சுற்றுவது இன்றுவரை வரவில்லை; வருமென்ற நம்பிக்கையும் குறைந்துவருகிறது.

இந்த வாரம் ஒரு வெண்பா ஆறு சீரில் நிற்கிறது. ஏழாவதுக்குக் ‘காசு’ வாய்பாட்டில், அதாவது அந்தச் சொல்லின் ஓசை அமைப்பில், ஒரு சொல் வேண்டும். நேற்று மூன்று சொற்களை வைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் வளையம் தரையில். முன்பெல்லாம் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும் நாய் இப்போது கண்ணைக்கூடத் திறப்பதில்லை.