குமுளியில் ஏலக்காய் விற்காத ஒரு கடை

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளப் பக்கம் கால் வைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஏலக்காய். அப்புறம் கிராம்பு, பட்டை, தேங்காய் எண்ணெயில் பொரியும் நேந்திரங்காய் சிப்ஸ். அந்த வாசனைக்கு நடுவே, ஒரு சந்துக்குள், ஏலக்காயை வாசல்படி ஏறவிடாமல் டீத்தூள் மட்டும் விற்கிற ஒருவர் இருக்கிறார். 2014-லிருந்து அவரிடம்தான் வாங்குகிறேன். இத்தனை வருஷத்தில் பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் கம்பம். லோயர் கேம்ப் தாண்டி, மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி பஸ்ஸில் ஏறி, தமிழ்நாட்டுப் பக்கமே இறங்கி நடந்தால் கடை வந்துவிடும். ஒரு ஷட்டர் அகலம்தான். கண்ணாடி ஜாடி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மூடி போட்ட தகர டின். வெளிச்சம் பட்டால் தூள் செத்துப்போகும் என்பார். மேசையில் ஒரு தராசு, ஒரு கெட்டில், ஆறு வெள்ளைப் பீங்கான் கோப்பைகள்.

கடைக்கார அண்ணன் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கு உதவியாக இருந்தவர். அவருடைய அம்மா கொழுந்து எடுத்தவர். 2000-த்தை ஒட்டிப் பீர்மேடு பகுதியில் பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டபோது இவருக்கும் வேலை போனது. கையில் மிஞ்சியது மூக்கும் நாக்கும்தான், அதை வைத்துக் கடை போட்டேன் என்பார்.

முதல் தடவை கால் கிலோ வாங்கிப் போய்ப் போட்டால் டீ மங்கலாக, மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு. அடுத்த வாரமே சண்டைக்குப் போனேன். தூளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வீட்டுல போர் தண்ணியா தம்பி?"

"ஆமாண்ணே."

"அடுத்த தடவை வரும்போது ஒரு பாட்டில்ல அதைப் பிடிச்சுட்டு வா."

சரி, ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு லிட்டர் போர் தண்ணீரைப் பையில் போட்டு மாநில எல்லை தாண்டினேன். என் தண்ணீரில் ஒரு கோப்பை, அவர் தண்ணீரில் ஒரு கோப்பை, தூள் ஒன்றே. என் கோப்பையில் அதே ஏடு. அவருடையது செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து டீயோடு சேர்ந்து மேலே படிகிறதாம். அன்றிலிருந்து டீக்கு மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். அவர் தூளைக் குறை சொன்னதற்கு இன்றுவரை கிண்டல் நிற்கவில்லை.

இந்தக் கடையில் அரைமணி நேரத்துக்குக் குறைந்து யாரும் வாங்கிப் போக முடியாது. கோப்பைக்கு 3 கிராம் தூள், 150 மில்லி கொதிநீர், மூடி வைத்து 6 நிமிடம். பால், சீனி இரண்டும் கிடையாது. வடித்த சக்கையைக் கவிழ்த்து முகரச் சொல்வார். பிறகு கரண்டியில் எடுத்து 'சர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்குப் போகுமாம். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கல்யாண வீட்டிலும் அப்படி உறிஞ்சி மனைவியிடம் திட்டு வாங்குகிறேன்.

நாக்கு வளர்வதற்கு இரண்டு வருஷம் ஆனது. ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு வேறு, வெறும் கசப்பு வேறு என்று தெரிந்ததே அங்கேதான். நல்ல கட்டன் டீயை அப்படியே ஆறவிட்டால் கலங்கிப்போகும். கெட்டுவிட்டது என்று நான் ஊற்றப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். சாரம் உள்ள டீதான் ஆறினால் அப்படித் திரளுமாம், ஒன்றுமில்லாத டீ கண்ணாடி மாதிரி கிடக்குமாம்.

டஸ்ட் என்றால் ஃபேக்டரித் தரையைக் கூட்டி அள்ளியது என்று நானும் நம்பியிருந்தேன். அதைச் சொல்லிவிட்டு அவரிடம் தப்ப முடியாது. நாலேகால் கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றில் சிவக்க வைத்து, உலர்த்தினால் ஒரு கிலோ தூள். அதைச் சல்லடையில் விட்டால் கடைசியில் விழும் நுண்ணியதுதான் டஸ்ட். அளவில்தான் பொடி, தரத்தில் இல்லை. பால் டீக்குச் சட்டென்று நிறமும் கடுப்பும் இறங்குவது அதில்தான். வீட்டுக்கு அதுதான் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் பால் இல்லாமல் குடிக்க, சுருட்டிய இலைத்தூள் 100 கிராம். விலை இரண்டு மடங்குக்கு மேல். அதில் தேன் வாசனை வருகிறது என்று அவர் சொல்வார். எனக்கு இதுவரை வந்ததில்லை, தலையை மட்டும் ஆட்டுவேன்.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, விற்க மாட்டேன் என்று சொல்வது. ஜூலையில் போனால், "மழைக்கொழுந்து, தண்ணி ஜாஸ்தி, கால் கிலோ போதும், போ" என்பார். பனிக்காலத்தில் செடி மெதுவாக வளரும்போது கிள்ளிய கொழுந்தில்தான் வாசனை இறுகியிருக்கும். அதனால் பிப்ரவரியில் அவரே போன் போடுவார். சுற்றுலா வந்தவர்கள் ஏலக்காய் டீத்தூள் கேட்டால் முகம் மாறிவிடும். "ஏலக்காய் போடுறதுக்கு எதுக்கு நல்ல தூளு? எதிர்க்கடையில கேளுங்க." 2019-இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனபோது தெருவே அதைப் பற்றித்தான் பேசியது. இவர் டின்னைத் திறந்து எனக்குத் தூளை முகரக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீத்தூள் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் குடித்துவிடும். அந்த ஊரில் டீத்தூள் கடை வைப்பது மீன் மார்க்கெட்டில் மல்லிகைப்பூ விற்கிற மாதிரிதான்.

குறைகளுக்கு வருகிறேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை பூட்டு. கம்பத்திலிருந்து வந்தேன் என்றெல்லாம் பார்க்க மாட்டார். போன் பேயைப் பல வருஷம் எதிர்த்து, பையன் சண்டை போட்ட பிறகுதான் அட்டையை ஒட்டினார். மெல்லிய கவரில் கட்டித் தருவதால் வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் மாற்றியாக வேண்டும். தூளை அனுப்பி வைக்கவும் மாட்டார். 2020-இல் எல்லை மூடி, இ-பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியாதபோது பாக்கெட் தூளில் மாதங்களை ஓட்டினேன். அந்தக் கஷ்டம் வேறு யாருக்கும் கஷ்டமாகத் தெரியவில்லை.

ஒரு தடவை பழைய சரக்கும் தலையில் கட்டினார். ஈரம் ஏறி, நனைந்த சாக்கு வாசனை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, என் டப்பாவைத்தான் குறை சொன்னார். விடாமல் அவர் முன்னாலேயே அவர் கோப்பையில் போடச் சொன்னேன். ஒரு இழுப்பு இழுத்தார், வாசலில் துப்பினார், பேசாமல் அந்த டின்னையே எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தார். எனக்குப் புதுத்தூள் அரைக் கிலோ. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

வீட்டில் டீக்கு ஏலக்காய் தட்டிப் போடும் பழக்கம் உண்டு என்பதை இந்தப் பதினொரு வருஷமும் அவரிடம் மறைத்து வைத்திருந்தேன். முதலில் தூள், பிறகு பஸ் ஏறும் முன் எதிர்க்கடையில் ஏலக்காய், அதுதான் என் வரிசை. போன மாதம் அவசரத்தில் மாறிப்போனது. கடைக்குள் நுழைந்ததும் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"பையை வெளியில ஆணியில மாட்டிட்டு வா தம்பி."

மாட்டிவிட்டு வந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.