பாதியில் நின்ற உபுண்டு அப்கிரேட்: சரிசெய்வதா, புதிதாக நிறுவுவதா?

22.04-இலிருந்து 24.04-க்கு மாறும்போது கரண்ட் போய்விட்டது, அல்லது டிஸ்க் நிரம்பிவிட்டது. இனி இருப்பதையே சரிசெய்து முடிக்கலாம், புதிதாக நிறுவலாம், முன்பே சேமித்த ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அன்றைய நகல்) இருந்தால் டைம்ஷிஃப்ட் கருவியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். சர்வர் என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

எந்தப் பேக்கேஜ் பிரித்து வைக்கப்பட்டது, எது கான்ஃபிகர் ஆகாமல் நிற்கிறது என்பதையெல்லாம் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி தன் ஸ்டேட்டஸ் கோப்பில் குறித்து வைக்கிறது. அது கெடாதவரை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கெட்டிருந்தால் பக்கத்திலேயே அதன் முந்தைய நகலான ஸ்டேட்டஸ்-ஓல்ட் இருக்கும். தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு மட்டும் அறுந்திருந்தால் பூட்டுக் கோப்புகளை (இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுப்பவை) அழித்துவிடாதீர்கள். அப்கிரேட் பெரும்பாலும், இணைப்பு போனாலும் தொடரும் ஸ்க்ரீன் செஷனுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ரூட்டாக 'ஸ்க்ரீன் -டி -ஆர்' கொடுத்தால் கைக்கு வரும்.

பூட் ஆகவில்லையா? லைவ் யூஎஸ்பியில் ஏறி, ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி-யில் மவுன்ட் செய்யுங்கள். தனியாக இருந்தால் /பூட், /பூட்/ஈஎஃப்ஐ இரண்டையும் அதனுள் சேருங்கள். /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் நான்கையும் அதே இடத்தில் பைண்ட் செய்து (அங்கும் தெரியும்படி இணைத்து), சிஎச்ரூட் மூலம் பழைய சிஸ்டத்துக்குள் போங்கள். /ரன் விடுபட்டால் டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக்குவது) கிடைக்காது, பேக்கேஜ்களைக் கொண்டுவரும் ஏபிடி எதையும் இறக்காது. முதலில் டிஸ்க் இடத்தைப் பாருங்கள். /வார் நிரம்பியிருந்தால் 'ஏபிடி க்ளீன்'. பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்ற சோர்ஸ் பட்டியலில் ஜாமியும் (22.04) நோபிளும் (24.04) கலந்திருந்தால் நோபிள் மட்டும் இருக்கட்டும். பிறகு இதே வரிசையில்: 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', 'ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்', 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்'. ஒரு பேக்கேஜின் கோப்பை இன்னொன்று மேலெழுத முயல்கிறது என்று நின்றால், அநேகமாக வெளியாரின் களஞ்சியமான பிபிஏ-வில் இருந்து வந்த பழைய பேக்கேஜ்தான் காரணம், அதை நீக்குங்கள். கடைசியில் எல்லாக் கெர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) புதுப்பித்து, பூட் மெனுவுக்காக 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் உருவாகாமல் போனால் ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியாமல் கெர்னல் பேனிக் ஆகும்.

புதிதாக நிறுவுவது சீக்கிரம் முடியும், சுத்தமாகவும் இருக்கும். /ஹோம் மட்டுமே முக்கியமான லேப்டாப்புக்கு அதுவே நல்லது. சர்வரின் உயிர் /ஈடிசி-யிலும் (அமைப்புக் கோப்புகள்) /வார்/லிப்-இலும் (சேவைகளின் டேட்டா) அல்லவா இருக்கிறது? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: 22.04-இல் 14, 24.04-இல் 16. 14-இன் டேட்டா டைரக்டரியை 16 நேரடியாகத் திறக்காது. மாற்றுவதற்கு 14-இன் பைனரி வேண்டும். 24.04-இன் உபுண்டு களஞ்சியத்தில் அது இல்லை. டிஸ்க்கை அழித்தபின் டேட்டா பேக்கப் மட்டும் கையில் இருந்தால், 14-ஐ வேறிடத்தில் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். சரிசெய்யும் வழியில் பழைய 14 பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிளஸ்டரை (14-இன் டேட்டா முழுவதையும்) 16-க்கு மாற்றிச் சரிபார்க்கும்வரை, தேவையற்றதாகக் கருதும் பேக்கேஜ்களை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' மட்டும் கொடுக்காதீர்கள்.

டைம்ஷிஃப்ட், அப்கிரேடுக்கு முன்பே ஸ்னாப்ஷாட் எடுத்தவர்களுக்கு மட்டும். /ஹோமை இயல்பாக அது தொடாது. ரூட்டில் உள்ள டேட்டாபேஸ் பின்னோக்கிப் போய்விடும். பீட்டிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட் முறையில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் ஸ்னாப்ஷாட்டில் சேராது. திரும்பிய பிறகு /பூட்டில் உள்ள கெர்னலுக்கான மாட்யூல்கள் /லிப்/மாட்யூல்ஸில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே ரீபூட் செய்யுங்கள்.